ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் டாங்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின் டாங்கிகளைப் பற்றி ஆர்வமாகப் பேசுபவர்கள் தமிழில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேச்சு 1936–39 ஸ்பெயின் பக்கம் திரும்பினால் மட்டும் அதே சில சந்தேகங்கள் மறுபடி மறுபடி வருகின்றன. பாதி பேருக்கு அங்கே டாங்கிகள் இருந்ததே தெரியாது. மீதிப் பேருக்கு அது ஹிட்லரின் ஒத்திகை என்ற ஒரு வரி மட்டும் தெரியும். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போர்னா என்ன? யாருக்கும் யாருக்கும் சண்டை? முதல்ல அதைச் சொல்லுங்க.

1936 ஜூலை 17, 18 தேதிகளில் ஸ்பெயின் ராணுவத்தின் ஒரு பகுதி, தேர்தலில் வென்று ஆட்சியில் இருந்த குடியரசு அரசுக்கு எதிராகக் கிளம்பியது. கிளம்பிய தளபதிகளில் பிரான்சிஸ்கோ பிராங்கோ சில மாதங்களிலேயே தலைவரானார். 1939 ஏப்ரல் 1 அன்று அவருடைய வெற்றியோடு போர் முடிந்தது. இந்தப் பக்கத்தில் ஒருவரைக் குடியரசுத் தரப்பு என்றும், மற்றவரைப் பிராங்கோ தரப்பு என்றும் சொல்கிறேன்.

வெளிநாடுகள் தலையிடக் கூடாது என்று லண்டனில் ஒரு குழு கூடியது. ஜெர்மனி, இத்தாலி, சோவியத் யூனியன் மூன்றும் அதில் உறுப்பினர்கள். மூன்றும் ஆயுதம் அனுப்பின. ஜெர்மனியும் இத்தாலியும் பிராங்கோவுக்கு, சோவியத் யூனியன் குடியரசுக்கு.

ஸ்பெயின்கிட்ட சொந்தமா டாங்கியே இல்லையா?

இருந்தன, ஆனால் விரல்விட்டு எண்ணலாம். முதல் உலகப் போர்க் காலத்து பிரெஞ்சு ரெனோ எஃப்.டி டாங்கிகள் கொஞ்சம், ஷ்னைடர் டாங்கிகள் சில. மொராக்கோவில் 1921இல் அன்வால் என்ற இடத்தில் ஸ்பெயின் படை பெரும் அழிவைச் சந்தித்தது. அதற்குப் பிறகுதான் இவற்றை வாங்கினார்கள். போர் தொடங்கியபோது டாங்கிப் படைப்பிரிவுகள் இரண்டு: ஒன்று மாட்ரிட்டில், இன்னொன்று சரகோசாவில். மாட்ரிட் அரசிடம் நின்றது, சரகோசா கிளர்ச்சியாளர் கைக்குப் போனது. ஆக, இருந்ததும் பாதி பாதியாகப் பிரிந்தது.

லாரிக்கு இரும்புத் தகடு அடிச்சு ஓட்டினாங்கன்னு படம் பார்த்தேன். அது நிஜமா?

நிஜம். முதல் சில மாதங்களில் பார்சிலோனா, மாட்ரிட், பில்பாவோ போன்ற ஊர்களில் தொழிற்சங்கத் தொழிலாளர்கள் பட்டறைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் லாரிகளுக்குக் கவசம் போர்த்தினார்கள். ஸ்பெயின்காரர்கள் அவற்றை 'திஸ்னாவோ' என்றார்கள். பக்கவாட்டில் சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதியிருப்பார்கள்.

போர்க்களத்தில் அவற்றின் பயன் குறைவுதான். சாதாரண இரும்பு, துப்பாக்கிக் குண்டையே சில சமயம் தாங்காது. கெட்டியான தகடு போட்டால் எடை கூடி, சாலையை விட்டு இறங்கியதும் சிக்கிக்கொள்ளும். ஆனாலும் அந்தத் தொழிலாளர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராணுவமே எதிர்ப்பக்கம் போய்விட்ட ஊரில், கையில் இருந்ததை வைத்து அவர்கள் செய்தது அது. இந்த அனுபவத்திலிருந்து பிறகு வலென்சியாவில் முறையான கவச கார்களே தயாரானது. யு.என்.எல்-35 என்ற அந்த வண்டி நன்றாகவே உழைத்தது. போர் முடிந்த பிறகு பிராங்கோவின் ராணுவமும் அதை வைத்துக்கொண்டது.

சரி, வெளியிலிருந்து வந்த டாங்கிகள் எவை? எது நல்லது?

முக்கியமாக மூன்று. சோவியத் டி-26: ஒன்பதரை டன் அளவு எடை, மூன்று பேர் குழு, அதிகபட்சம் 15 மி.மீ. கவசம், சுழலும் கூண்டில் 45 மி.மீ. பீரங்கி. பிரிட்டனின் விக்கர்ஸ் ஆறு டன் டாங்கியை உரிமம் வாங்கி வளர்த்தெடுத்தது. ஜெர்மன் பான்சர் 1: ஐந்தரை டன்னுக்குள், இரண்டு பேர், 13 மி.மீ. கவசம், பீரங்கி கிடையாது, இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். இத்தாலியின் சி.வி-33, சி.வி-35: மூன்று டன் சொச்சம், இரண்டு பேர், சுழலும் கூண்டே இல்லை. எதிரி பக்கவாட்டில் வந்தால் வண்டியையே திருப்ப வேண்டும். அதில் நெருப்பு பீய்ச்சும் வகையும் உண்டு.

காகிதத்தில் பார்த்தால் சந்தேகமே இல்லை, டி-26தான். 1936இல் உலகத்தின் எந்த ராணுவத்தில் வைத்தாலும் நல்ல டாங்கி அது. 1937 ஆகஸ்டில் சோவியத்திலிருந்து பி.டி-5 என்ற வேக டாங்கிகளும் வந்தன. அவற்றிலும் அதே 45 மி.மீ. பீரங்கி.

பான்சர்னா பெரிய டாங்கின்னு நினைச்சேன். வெறும் இயந்திரத் துப்பாக்கியோட ஏன் அனுப்பினாங்க?

ஏனென்றால் 1936இல் ஜெர்மனியிடம் அனுப்பும் அளவுக்கு இருந்தது அதுதான். பான்சர் 1 பயிற்சிக்காகவும் தொழிற்சாலைகளைப் பழக்கவும் கட்டிய வண்டி. பெயர் பெற்ற பான்சர் 3, 4 எதுவும் ஸ்பெயினுக்கு வரவில்லை.

டி-26ஐ எதிர்கொள்ள வழியில்லாமல் தவித்தார்கள். கவசம் துளைக்கும் சிறப்புத் தோட்டாவை வைத்து மிக அருகிலிருந்து சுட்டால் கொஞ்சம் பலன் கிடைத்தது. சோவியத் குழுக்கள் அதைப் புரிந்துகொண்டு தூரத்திலேயே நின்று சுட ஆரம்பித்தன. பிறகு பிராங்கோ தரப்பில் நான்கு பான்சர்களில் இத்தாலிய பிரேடா 20 மி.மீ. பீரங்கியைப் பொருத்திப் பார்த்தார்கள். அது நான்கோடு நின்றது. அவர்கள் கடைசியில் கண்ட தீர்வு வேறு. அதற்குக் கீழே வருகிறேன்.

செசென்யா சண்டையைப் பத்தி எல்லாரும் சொல்றாங்களே, அங்க என்ன நடந்தது?

1936 அக்டோபர் 29. மாட்ரிட்டுக்குத் தெற்கே செசென்யா என்ற சிற்றூர். பதினைந்து டி-26கள், தலைமை லாட்வியாவில் பிறந்த சோவியத் அதிகாரி பால் அர்மான். இரண்டு வாரத்துக்கு முன்தான் முதல் ஐம்பது டி-26கள் கார்தஹேனா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியிருந்தன. ஆர்ச்சேனா என்ற ஊரில் சோவியத் அதிகாரி கிரிவோஷெய்ன் தலைமையில் பயிற்சி முகாம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. முந்தின நாளே பிரதமர் லார்கோ கபாயெரோ, இப்போது நம்மிடம் டாங்கிகள் இருக்கின்றன என்று வானொலியில் அறிவித்துவிட்டார். எனக்கு இன்றும் பொறுக்க முடியாத விஷயம் இது. புதிய ஆயுதத்தின் முதல் நாள் அதிர்ச்சி ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அதை ஊருக்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள்.

இருந்தும் டாங்கிகள் ஊருக்குள் புகுந்தன. அங்கிருந்த பிராங்கோ படையினர் அவற்றை இத்தாலிய வண்டிகள் என்று முதலில் நினைத்ததாகச் சொல்வார்கள். குறுகிய தெருக்களில் ஒரு குதிரைப்படைப் பிரிவு சிதறியது. டாங்கிகள் ஊரைக் கடந்து எதிரியின் பின்புறம் வரை ஓடின. செம்யோன் ஒசாட்சியின் டாங்கி ஒரு இத்தாலியச் சிறு டாங்கியை மோதியே தள்ளிவிட்டது. டாங்கியை டாங்கி மோதி வீழ்த்தியதில் முதல் நிகழ்வு என்று இதைச் சொல்வதுண்டு.

ஆனால் பின்னால் வர வேண்டிய, குடியரசுத் தளபதி லிஸ்தரின் காலாட்படை வரவில்லை. அவர்களுக்கு டாங்கியோடு சேர்ந்து போகப் பயிற்சியே கிடையாது. பிடித்த ஊரில் நிற்க ஆளில்லாமல் டாங்கிகள் வந்த வழியே திரும்பின. அதற்குள் எதிரி சுதாரித்து, வீட்டுக் கூரைகளிலிருந்து பெட்ரோல் பாட்டில் வீசத் தயாராக இருந்தான். மூன்று டாங்கிகள் போயின. அர்மானுக்கு சோவியத் வீரர் பட்டம் கிடைத்தது. செசென்யா மட்டும் பிராங்கோ கையிலேயே இருந்தது. இந்தப் போரில் டாங்கிகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போனது.

வெறும் பாட்டிலை வச்சு டாங்கியை எப்படி நிறுத்த முடியும்?

திறந்தவெளியில் கஷ்டம். தெருவில் முடியும். டி-26 பெட்ரோல் எஞ்சின் வண்டி, எஞ்சின் பின்னால் இருக்கிறது. காற்றுக்காக அதன் மேல் திறப்புகள் உண்டு. தீப்பிடித்த பெட்ரோல் அதன் வழியே இறங்கினால் எஞ்சின் எரியும். உள்ளே இருப்பவர்களுக்குச் சிறிய பிளவுகள் வழியாகத்தான் வெளியுலகம் தெரியும். அருகில் வரும் ஆளைப் பார்க்கவே முடியாது. பிராங்கோவின் மொராக்கோ வீரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். குடியரசுத் தரப்பில் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் டைனமைட்டை வைத்து அதே வேலையைச் செய்தார்கள். வெடிமருந்து அவர்களுடைய அன்றாடத் தொழில்.

கவனிக்க வேண்டியது ஒன்று. டாங்கியைச் சுற்றி சொந்தக் காலாட்படை நடந்து வந்தால் பாட்டில்காரன் முப்பது அடிக்குள் நெருங்க முடியாது. செசென்யாவில் பாட்டில் வேலை செய்தது, சுற்றி யாரும் இல்லாததால்.

டாங்கி எதிர்ப்பு பீரங்கின்னு தனியா ஒண்ணு இருந்துச்சா? அதுதான் நீங்க சொன்ன தீர்வா?

அதேதான். ரைன்மெட்டால் கம்பெனியின் 37 மி.மீ. பாக் 36. தாழ்வாக இருக்கும், புதரில் ஒளித்து வைக்கலாம், தேவைப்பட்டால் ஆட்களே தள்ளிக்கொண்டு போகலாம். டி-26இன் 15 மி.மீ. கவசம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, தூரத்திலிருந்தே துளைத்துவிடும். 1936 இறுதியிலிருந்து இவை வர ஆரம்பித்ததும் ஆட்டம் மாறியது. மலிவான ஒரு சின்ன பீரங்கி, விலையுயர்ந்த டாங்கியையும் மூன்று பேரையும் ஒரே குண்டில் முடித்தது. ஸ்பெயினில் டாங்கியை அடக்கிய ஆயுதம் எது என்று கேட்டால் என் பதில் இதுதான்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. சோவியத் யூனியன் 1930 வாக்கில் அதே ரைன்மெட்டாலிடம் 37 மி.மீ. பீரங்கியின் உரிமத்தை வாங்கி, அதைப் பெரிதாக்கித்தான் தன் 45 மி.மீ. பீரங்கியைச் செய்தது. டி-26இல் இருந்ததும் அந்தக் குடும்பம்தான். இரு தரப்பும் ஒரே வரைபலகையில் பிறந்த ஆயுதங்களால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள்.

88 மி.மீ. பீரங்கி டாங்கியை அடிக்க ஆரம்பிச்சது ஸ்பெயின்லதானே?

பாதி சரி. ஜெர்மனியின் கோண்டோர் படை 88 மி.மீ. பீரங்கிகளை விமான எதிர்ப்புக்காகத்தான் 1936இல் கொண்டுவந்தது. போகப் போகத் தரை இலக்குகளையும் சுட ஆரம்பித்தார்கள், முக்கியமாக காங்கிரீட் காப்பரண்களையும் மலைமேடுகளில் இருந்த நிலைகளையும். 1938–39 கட்டலோனியாவில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. டாங்கி வந்தால் டாங்கியையும் அடித்தார்கள். ஆனால் அன்றாடம் டாங்கிகளைத் தடுத்தது மேலே சொன்ன 37 மி.மீ.தான். 88இன் பெரும்புகழ் பிறகு பிரான்சிலும் வட ஆப்பிரிக்காவிலும் வந்தது.

குவாதலஹாராவில இத்தாலிக்காரங்க ஏன் அவ்வளவு மோசமா தோத்தாங்க? டாங்கி சரியில்லையா?

டாங்கி சரியில்லைதான், ஆனால் அது முதல் காரணம் இல்லை. 1937 மார்ச் 8 அன்று ரோவாட்டா தலைமையில் இத்தாலியப் படை மாட்ரிட்டின் வடகிழக்கிலிருந்து லாரிகளில் விரைந்து வந்தது. மழையும் பனியும் கொட்டின. வயல்கள் சேறாகிவிட்டதால் ஒரே நெடுஞ்சாலையில் எல்லாம் நெரிந்து நின்றன. பிராங்கோ பக்கத்து விமானத் தளங்கள் சேறாகி விமானம் எழும்ப முடியவில்லை. குடியரசு விமானங்கள் நல்ல ஓடுதளங்களிலிருந்து எழும்பி, வரிசையாக நின்ற லாரிகள் மேல் குண்டு போட்டன.

அதற்குப் பிறகு டி-26கள் வந்தன. சி.வி-33ஆல் அவற்றைத் தடுக்க முடியவில்லை. காரணம் மேலேயே சொன்னேன்: பீரங்கி இல்லை, சுழலும் கூண்டு இல்லை. மார்ச் 18 எதிர்த்தாக்குதலில் பிரிவேகா ஊர் மீண்டது. டாங்கியும் விமானமும் காலாட்படையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் குடியரசுக்குக் கூடிவந்த அபூர்வ நாட்கள் அவை.

நல்ல டாங்கி குடியரசுகிட்ட இருந்தும் ஏன் தோத்தாங்க?

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது. போரின் தோல்விக்கு அரசியல், உணவு, விமான பலம், பிரெஞ்சு எல்லை மூடியது என்று பல காரணங்கள். டாங்கிகளை மட்டும் பார்த்தால், 1937 அக்டோபர் 13இல் நடந்த புவென்தெஸ் தெ எப்ரோவைப் பார்த்தால் போதும்.

ஏறக்குறைய ஐம்பது பி.டி-5கள், ஸ்பெயினிலேயே வேகமான டாங்கிகள். கூடப் போக வேண்டியது, குடியரசுக்காகப் போராட வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்த சர்வதேசப் படையின் பதினைந்தாம் பிரிகேடு: அமெரிக்கர், பிரிட்டிஷார், கனடியர், ஸ்பானியர். டாங்கிக் குழுவினருக்கு உத்தரவு மிகத் தாமதமாகக் கிடைத்தது. தரையை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அது பாசன நிலம், வாய்க்காலும் வரப்பும் நிறைந்தது. இருபத்துநான்காம் பட்டாலியன் வீரர்களை டாங்கி மேலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஓட்டத்தில் சிலர் விழுந்தார்கள், பலர் சுடப்பட்டார்கள். அகழிகளில் இருந்த சொந்தக் காலாட்படைக்கே டாங்கிகள் தலைக்கு மேல் வரப்போவது தெரியாமல் குழப்பம். பீரங்கி ஆதரவு போதவில்லை. வாய்க்காலில் தடுக்கி நின்ற டாங்கிகளை 37 மி.மீ. பீரங்கிகள் ஒன்றொன்றாக அடித்தன. கிட்டத்தட்ட இருபது டாங்கிகள் அங்கேயே முடிந்தன. ஊர் விழவில்லை.

இதில் எதுவும் டாங்கியின் குற்றம் இல்லை. தரையைப் பார்த்து வர ஒரு நாள், காலாட்படைத் தளபதியும் டாங்கித் தளபதியும் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேச ஒரு மாலை, முன்கூட்டியே சுட நாலு பீரங்கித் தொகுதிகள். இவை இல்லாமல் நல்ல வண்டிகளும் நல்ல இளைஞர்களும் வீணானார்கள். ரேடியோ பெரும்பாலும் தலைமை டாங்கியில் மட்டும், மற்றவர்களுக்குக் கொடி அசைவு. உள்ளே ரஷ்ய மொழி, வெளியே ஸ்பானிஷும் ஆங்கிலமும். 1937 ஜூலையில் புருனெட்டேயில் சுமார் 130 டாங்கிகளைத் திரட்டியபோதும் இதே கோளாறுதான். 1938 எப்ரோவில் ஆற்றைக் காலாட்படை முதலில் கடந்துவிட்டது, டாங்கியும் கனரகப் பீரங்கியும் பாலத்துக்காகக் காத்து நின்றன. எதிரி விமானங்கள் பாலங்களைக் குண்டு வீசி உடைத்தன, மேலே அணைகளைத் திறந்து வெள்ளத்தையும் விட்டார்கள்.

எதிரியோட டாங்கியைப் பிடிச்சு அவங்களே ஓட்டினாங்களாமே?

ஆமாம், நிறைய. ஜெர்மன் பயிற்சியாளர் வில்ஹெல்ம் ஃபோன் தோமா, பிடித்துவரும் ஒவ்வொரு டி-26க்கும் 500 பெசெத்தா பரிசு அறிவித்தார். போர் முடிவதற்குள் டி-26களுக்கென்றே கம்பெனிகள் அமைக்கும் அளவுக்குப் பிராங்கோ தரப்பில் சேர்ந்துவிட்டன. சொந்த ஆட்களே சுட்டுவிடாமல் இருக்கப் பெரிய சிவப்பு-மஞ்சள் கொடியை வரைந்தார்கள். விமானிகளுக்குத் தெரிய மேற்புறத்தில் பெருக்கல் குறி போட்டார்கள்.

பான்சர் 1உம் டி-26உம் அங்கே ஒரே படையில் சேர்ந்து ஓடின. 1950களில் அமெரிக்க டாங்கிகள் வரும்வரை டி-26 ஸ்பெயின் ராணுவத்தில் இருந்தது.

அப்போ மின்னல் போரை ஜெர்மனி ஸ்பெயின்ல ஒத்திகை பார்த்ததுங்கறது பொய்யா?

டாங்கி விஷயத்தில் பொய்க்குப் பக்கம். விமானத் துறையில் அவர்கள் நிறையக் கற்றார்கள், குண்டுவீச்சும் தரைப்படை ஆதரவும் அங்கே பழகியவைதான். டாங்கிகளை மொத்தமாகக் குவித்து ஆழ ஊடுருவும் போரை அங்கே நடத்தவே இல்லை. இருந்தது நூற்றுச் சொச்சம் இயந்திரத் துப்பாக்கி வண்டிகள், அவற்றையும் பிராங்கோவின் தளபதிகள் காலாட்படைக்குத் துணையாகச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். டாங்கிகளைச் சிதறடிக்காதீர்கள் என்று தோமா அவர்களோடு ஓயாமல் வாதாடினார்.

1938 மார்ச்சில் ஆரகான் தாக்குதலில் பிராங்கோ படை வேகமாக முன்னேறி ஏப்ரல் 15இல் வினரோஸில் கடலைத் தொட்டது. அதைப் பார்த்துத்தான் பலர் மின்னல் போர் என்கிறார்கள். அந்த வேகத்துக்குப் பெரிய காரணம், களைத்துப்போன எதிரியும் வானத்தில் கிடைத்த மேலாதிக்கமும்.

ஸ்பெயின்ல கத்துக்கிட்டதாலதான் ரஷ்யா டி-34 செஞ்சதுன்னு சொல்றது சரியா?

ஒரு பங்கு சரி. சின்ன பீரங்கியே டாங்கியை முடிக்கிறது என்பதை ஸ்பெயினில் இருந்து திரும்பியவர்கள் நேரில் பார்த்தவர்கள். குறிப்பாக டிமிட்ரி பாவ்லோவ், சோவியத் கவசப்படை நிர்வாகத்தின் தலைவரானதும், 37 மி.மீ. குண்டைத் தாங்கும் கெட்டிக் கவசம் வேண்டும் என்று அழுத்தினார். டி-34க்கு அது நேர் வழி. டீசல் எஞ்சினை மட்டும் ஸ்பெயின் கணக்கில் எழுத முடியாது, அந்த வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

தவறாகக் கற்றதும் உண்டு. பெரிய டாங்கிப் படைகள் பயன்படாது, காலாட்படையோடு பிரித்துக் கொடுப்பதே சரி என்ற முடிவுக்கு ஸ்பெயின் ஒரு ஆதாரமாகக் காட்டப்பட்டது. 1939 நவம்பரில் சோவியத் யூனியன் தன் டாங்கி கோர்களை, அதாவது பெரிய டாங்கிப் படைத்தொகுதிகளை, கலைத்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸ் வீழ்ந்ததைப் பார்த்துவிட்டு அவசரமாக மீண்டும் அமைத்தது. பாவ்லோவ் 1941 ஜூலையில், மேற்குப் போர்முனை சரிந்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் காலத்து மத்த போர்கள்லயும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. 1933 ஜூலையில் சாக்கோ போரில் பொலிவியா, விக்கர்ஸ் டாங்கிகளோடு பராகுவேயின் நானாவா அரண்களைத் தாக்கியது. காட்டுப் புதரும் உள்ளே தாங்க முடியாத வெக்கையுமாக, விரல்விட்டு எண்ணும் டாங்கிகளால் எதுவும் முடியவில்லை. 1935 டிசம்பரில் எத்தியோப்பியாவில் தெம்பெகுவினா கணவாயில், இத்தாலியின் இதே சி.வி வகைச் சிறு டாங்கிகளை எத்தியோப்பியத் தளபதி ராஸ் இம்ருவின் வீரர்கள் பின்னாலிருந்து நெருங்கி மேலே ஏறியே முடக்கினார்கள். துப்பாக்கி முன்பக்கம் மட்டும் சுடும் வண்டி அது.

மாறான உதாரணம் 1939 ஆகஸ்டு கல்கின் கோல். மங்கோலிய எல்லையில் ஜப்பானியரை எதிர்த்து சோவியத் தளபதி ஜுகோவ், பீரங்கி, விமானம், காலாட்படை, டாங்கி நான்கையும் சேர்த்து சுற்றிவளைத்தார். அதே இடத்தில் ஜூலையில் டாங்கிகளைத் தனியாக அனுப்பியபோது பெருஞ்சேதம். அங்கே இருந்ததும் ஸ்பெயினில் பார்த்த அதே பி.டி-5, அதன் தம்பி பி.டி-7.

ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு எண்ணிக்கை போட்டிருக்காங்க. எதை நம்பறது?

பரவலாக ஏற்கப்படுவது இது: டி-26 281, பி.டி-5 50, பான்சர் 1 சுமார் 120, இத்தாலியச் சிறு டாங்கிகள் சுமார் 150. இவை போர்க்காலம் முழுவதும் மொத்தமாக வந்தவை. ஒரு நாளில் களத்தில் நின்றவை இதில் சிறு பகுதிதான், பாதிக்கு மேல் பட்டறையில் கிடந்த மாதங்களும் உண்டு.

குழப்பம் வரும் இடங்கள் மூன்று. ஜெர்மன் கணக்கில் தலைமை வண்டிகளைச் சேர்ப்பவர்களும் விடுபவர்களும் உண்டு. பிடிபட்ட டி-26ஐ இரு தரப்புக் கணக்கிலும் எண்ணிவிடுகிறார்கள். கவச கார்களையும் டாங்கி என்று சேர்த்துப் பெருக்குபவர்களும் இருக்கிறார்கள். ஒரு எண்ணைப் பார்த்தால், வந்து இறங்கியதா, அன்று ஓடும் நிலையில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். அப்புறம் எந்தத் தேதிக்கு என்று பாருங்கள்.